நாலுக்கு மூணு

தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில்
நாலு மீட்டருக்கு மூணு.
வாடகைப் பத்திரத்தில் இல்லாத இடம்.
எதை வேண்டுமானாலும் போடு, பேரீச்சை மட்டும் வேண்டாம்,
அது வேர் விட்டால் நீ காலி செய்ய மாட்டாய்
என்று சிரித்தார் அபூ மாஜித்.
பர்காவில் எங்களுக்கு அது ஏழாவது வருடம்.

மண் என்று சொல்லக்கூடாது அதை.
மண்வெட்டி இறங்கியதும் வந்தவை
சிப்பி, சிமெண்ட் கட்டி, டைல்ஸ் சில்லு,
வீடு கட்டியவர்கள் குடித்துப்போட்ட ஜூஸ் டப்பா,
வளைந்த ஆணி ஒரு கைப்பிடி,
ஒற்றைச் செருப்பு, இடது கால்.
வலது எந்த ஊருக்குத் திரும்பிப் போனதோ.

காய்ந்தால் மேலே உப்புப் பூத்தது.
கிள்ளி நாக்கில் வைத்தேன்.
கருவாட்டுச் சட்டியை வழித்தது போல் இருந்தது.
அருமைநாயகம் தலையில் அடித்துக்கொண்டார்:
மண்ணைத் தின்கிறாளே,
இங்கே ஆஸ்பத்திரிச் செலவு தெரியுமா இவளுக்கு.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும்.
கிணறு கடலுக்குச் சம்பந்தி.
டேங்கர் என்றால் காசு.
மிச்சம் இருந்தது ஏசித் தண்ணீர்.
ஆகஸ்டில் இரண்டு ஏசிக்கும் ஓயாத மூக்கொழுகல்.
குழாய்க்கு வாளி, வாளிக்கு டிரம்.
சொட்டு எண்ணியே தூக்கம் போனது என்றார் அவர்.
ஊற்றினேன், இறங்கியது.
ஊற்றினேன், இறங்கியது.
நாக்கில் வைத்தேன், இன்னும் கரித்தது.
ஐந்தாம் முறை
ஒரு ருசியும் இல்லை.
அன்றைக்குத்தான் அது மண்.

ஆட்டுப் புழுக்கை ரஃபீக்குல் கொண்டுவந்தான்,
மூட்டை ஐந்நூறு பைசா.
நார்த்தூள் கட்டி பொள்ளாச்சி முத்திரையோடு வந்தது.
தண்ணீரில் போட்டதும் ஊதிப் பெருத்து
வாளியை விட்டு எழுந்து நின்றது.

அக்டோபர் கடைசியில் விதை.
சுவரோரம் ஒரே வரிசையாய் ஊன்றப் போனவளை
அரைகுறை இந்தியில் நிறுத்தினான் ரஃபீக்குல்.
வரிசை வேண்டாம் தீதி, கும்பலாய் வை.
சோளத்துக்குக் காற்றுதான் கல்யாணத் தரகர்.
ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு.
நாலை மைனா கிளறித் தின்றது.
இருபத்தாறு முளைத்தன.

முழங்கால் உயரம் வந்தபோது
குளிர் வந்தது, ஏசி நின்றது, டிரம் வறண்டது.
இதை நான் யோசித்திருக்க வேண்டும்.
மீன் கம்பெனியில் பதினொரு வருடமாக
கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.
இரண்டு ராத்திரி
கம்பளியைப் போர்த்திக்கொண்டு
ஏசியைப் பதினெட்டில் ஓடவிட்டுப் படுத்தோம்.
அரை வாளிகூடத் தேறவில்லை.
விடிந்தபோது மூக்கொழுகியது அவருக்குத்தான்.
உறிஞ்சிக்கொண்டே
டேங்கர்காரனுக்குப் போன் போட்டார்.

தலையில் குஞ்சம், இடுப்பில் பட்டு.
மேலே ஆண், கீழே பெண்,
ஒரே தட்டையில் தனித்தனிக் குடித்தனம்.
ஒரு நூலுக்கு ஒரு முத்து,
பூந்தூள் தொட்ட நூலுக்கு மட்டும்.
சுவர் உயரம்.
தரகர் எட்டிப் பார்க்கவே இல்லை.
காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் உடுப்போடு,
குஞ்சம் குஞ்சமாய் நான் உலுக்கினேன்.
பட்டின்மேல் மஞ்சள் மாவு,
தோளில், அடையாள அட்டையில்,
அட்டையில் இருக்கும் என் முகத்தின் மேல்.
திங்கள். செவ்வாய். புதன்.
வியாழன் சம்பளப் பட்டியல் முடிக்கிற நாள்,
இருட்டில் போய் இருட்டில் வந்தேன்.
வெள்ளி மறுபடியும்.

பட்டு கறுத்துச் சுருண்டது.
நகத்தால் கீறினால் பால்.
ஒடித்த நிமிடம் முதல் இனிப்பு இறங்குமாம்.
அதனால் முதலில் அடுப்பில் பானை,
கொதி வந்தபின் தோட்டம்.
ஆளுக்கு நாலு ஒடித்துக்கொண்டு ஓடினோம்,
ஐம்பதைத் தொடப்போகிறவர்
செருப்புகூட இல்லாமல்.

வாசலில் மாஜித் நின்றான், ஆறு வயது.
ஒன்றைக் கொடுத்தேன்.
தோலை உரித்தான்.
நடுவில் அங்கங்கே பல் விழுந்த மாதிரி
முத்தில்லாத இடங்கள்.
தன் ஈறை ஒருமுறை நாக்கால் தடவிக்கொண்டு கேட்டான்:
மூடித்தானே இருந்தது,
உள்ளே புகுந்து யார் தின்றது?

வியாழக்கிழமை, என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு
மிச்சத்தைக் கடித்தான்.